கிளிக்குக்காக வரையாதீர்கள்

தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ வீடியோ கேம் செய்கிறவர்களுக்கு இன்று திரும்பத் திரும்ப ஓதப்படும் பாடம் ஒன்று உண்டு. கேம் முடியும் தறுவாயில் கையிருப்புப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வை. தேர்ந்த ஓவியர் ஒருவரைப் பிடி. உன் கேம் எந்த வகையோ அந்த வகையில் நன்றாக விற்ற பத்து கேம்களின் அட்டைகளை அவருக்குக் காட்டி, இதைப் போலவே வேண்டும் என்று சொல். பெரிய முகம், பளீரென்ற ஒளி, கனத்த எழுத்தில் தலைப்பு. வந்த படத்தைக் கடையில் ஏற்றிவிட்டு எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்று பார். எண்ணிக்கை ஏறவில்லையா, அட்டையை மாற்று. கிளிக் வாங்கித் தருவதோடு அட்டைப்படத்தின் வேலை முடிந்தது, மிச்சத்தை கேம் பார்த்துக்கொள்ளும் என்பது இந்தப் பாடத்தின் சாரம். விற்பனை ஆலோசகர்கள் இதைச் சொல்கிறார்கள், வெளியீட்டாளர்கள் சொல்கிறார்கள், ஏற்கெனவே ஒரு கேமை விற்றவர்களும் சொல்கிறார்கள். முதல் கேமை வெளியிடக் காத்திருக்கும் பிள்ளைகள் அதை அப்படியே நம்புகிறார்கள்.

இந்தப் பாடம் அடியிலேயே பிழையானது. அட்டைப்படம் விளையாட்டின் முதல் துண்டு. விளையாடுபவர் அந்த கேமுக்குள் எடுத்துவைக்கும் முதல் அடி அதன்மேல்தான் விழுகிறது. அதைத் தனியே கழற்றி, விளம்பரத் துறையிடம் ஒப்படைத்து, கிளிக் எண்ணிக்கையால் அளப்பது கேமுக்கும் கேடு, விற்பனைக்கும் கேடு.

பாடம் எங்கிருந்து பிறந்தது என்பது எனக்குப் புரிகிறது. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடைக்குள் நுழைய ஒரு காலத்தில் அதை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தேர்வு தேவைப்பட்டது. 2012இல் கிரீன்லைட் என்ற வாக்கெடுப்பு முறை வந்தது. 2017 ஜூனில் அதுவும் போய், ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யாரும் விற்கலாம் என்றானது. 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட புதிய கேம்கள் அந்தக் கடையில் இறங்கின. நாளொன்றுக்குச் சராசரியாக ஐம்பது. இந்த வெள்ளத்தில் தன் கேம் கண்ணில் படாமலே மூழ்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது. நல்ல கேம் தானாக விற்கும் என்று சொல்பவர்களின் பக்கம் நான் இல்லை. மங்கலான, தலைப்பே படிக்க முடியாத அட்டை ஒரு நல்ல கேமைக் கொன்றுவிடும். அட்டை முக்கியம் என்பதில் ஆலோசகர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எதற்காக முக்கியம் என்பதில்தான் பிரிகிறோம்.

கிளிக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் அட்டை எத்தனை முறை திரையில் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதன் வழியே பக்கத்துக்கு வந்தார்கள் என்ற கணக்கை ஸ்டீம் டெவலப்பருக்குத் தருகிறது. இரண்டையும் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். அந்தச் சதவீதத்தை அட்டையின் மதிப்பெண்ணாகப் படிக்கிறார்கள். ஆனால் அதே அட்டை முதல் பக்கத்தில் பெரிதாகவும், தேடல் பட்டியலில் விரல்நக அளவிலும், தள்ளுபடி வரிசையில் இன்னொரு அளவிலும் தோன்றுகிறது. கேமின் பெயரைத் தட்டித் தேடி வந்தவர் அட்டை எப்படி இருந்தாலும் கிளிக் செய்வார். பொழுதுபோகாமல் பட்டியலை உருட்டிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் செய்ய மாட்டார். இந்த வாரம் ஒரு யூட்யூபர் உங்கள் கேமைக் காட்டினால் சதவீதம் ஏறும். அடுத்த வாரம் ஸ்டீம் உங்களைச் சம்பந்தமில்லாத பத்தாயிரம் பேருக்குக் காட்டினால் இறங்கும். இரண்டிலும் அட்டை அதே அட்டைதான்.

கூகுள் ப்ளேயில் இரண்டு ஐகான்களைக் கொடுத்து, வருகிறவர்களைப் பிரித்து ஒரு பாதிக்கு இதையும் மறு பாதிக்கு அதையும் காட்டிச் சோதிக்கும் வசதி உண்டு. ஸ்டீமில் டெவலப்பர் கையில் அப்படி ஒரு கருவி கிடையாது. ஆகவே எல்லோரும் முன்பு, பின்பு என்று பார்க்கிறார்கள். பழைய அட்டையோடு ஒரு மாதம், புதிய அட்டையோடு ஒரு மாதம். அந்த இரண்டு மாதங்களுக்கு நடுவே ஒரு தள்ளுபடி விழா வந்திருக்கும், ஒரு டெமோ வெளியாகியிருக்கும், போட்டியாக ஒரு பெரிய கேம் இறங்கியிருக்கும். அட்டையை மாற்றியதும் விற்பனை இரட்டித்தது என்று மேடையில் காட்டப்படும் வரைபடங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். மாற்றியும் ஒன்றும் நடக்காதவர்கள் மேடையேறுவதில்லை.

சரி, எண்ணிக்கை துல்லியமானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிளிக் செய்தவர் இன்னும் எதையும் வாங்கவில்லை. ஸ்டீமில் அட்டையின் மேல் மவுஸை நிறுத்தினாலே கேமின் ஸ்க்ரீன்ஷாட்கள் ஓடத் தொடங்கிவிடும். கிளிக் செய்தால் முதலில் ட்ரெய்லர் ஓடும். அட்டையில் எண்ணெய் வண்ண ஓவியத்தில் மின்னும் போர்வீராங்கனை, உள்ளே பதினாறு பிக்செல் உயரப் பொம்மை. இந்த இடைவெளியை வாங்குபவர் ஒரே விநாடியில் பார்த்துவிடுகிறார். பதினாறு பிக்செல் பொம்மையை நேசிப்பவர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் போர்வீராங்கனையைப் பார்த்து, இது நமக்கானதல்ல என்று தாண்டிப் போயிருப்பார்கள். போர்வீராங்கனையைத் தேடியவர் வந்து, பொம்மையைப் பார்த்துத் திரும்பியிருப்பார்.

திரும்பாமல் வாங்கிவிட்டால் இன்னும் மோசம். வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பத் தரும் முறையை ஸ்டீம் 2015 ஜூன் முதல் நடத்திவருகிறது. ஏமாந்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். போகாதவர் ரிவ்யூ எழுதுகிறார். ஒரு கேமுக்குப் பத்து ரிவ்யூக்கள் சேர்ந்த பிறகுதான் அதன் பெயருக்குக் கீழே மொத்த மதிப்பீடு தோன்றும். எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கே ‘மிக்ஸ்ட்’ என்று விழும். பத்தில் நான்கு பேர் கட்டைவிரலைக் கீழே காட்டினால் போதும். சிறிய கேமுக்கு அந்த முதல் பத்துப் பேர் யார் என்பதே வாழ்வா சாவா என்ற கேள்வி. அவர்களை அழைத்து வருவதில் அட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயிரம் பேர் பார்த்து இருபது பேர் கிளிக் செய்து, வாங்கிய நான்கு பேரும் கேமை விரும்புகிற அட்டை ஒன்று. ஆயிரம் பேர் பார்த்து நாற்பது பேர் கிளிக் செய்து, வாங்கிய ஐவரில் இருவர் பணத்தைத் திரும்பப் பெற்று, ஒருவர் கோபத்தோடு ரிவ்யூ எழுதுகிற அட்டை இன்னொன்று. கிளிக் கணக்கு இரண்டாவது அட்டைக்கு இரட்டை மதிப்பெண் போடும். அந்தக் கணக்கை வழிகாட்டியாக வைத்திருப்பவர் தன் கேமின் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டு, முன்னேறுவதாக நினைத்திருப்பார்.

இந்தச் சண்டை புதிதல்ல. வீடியோ கேம் கடைக்கு வந்த நாளிலிருந்து நடக்கிறது. இந்தத் தொழில் ஒருமுறை பதிலைக் கண்டுபிடித்து, பிறகு மறந்துவிட்டது.

1977இல் அட்டாரி தன் வீட்டுக் கேம் இயந்திரத்தை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. கார்ட்ரிட்ஜ் ஒன்றில் இரண்டு அல்லது நான்கு கிலோபைட் மட்டுமே அடங்கும். திரையில் தெரிந்தவை சதுரங்கள், கோடுகள், சில நிறங்கள். பெட்டியின் மேலோ கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் வரைந்த வண்ண ஓவியங்கள் இருந்தன. ஒரே சட்டகத்துக்குள் விமானம், பீரங்கி, வீரனின் முகம், வெடிப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்திருக்கும். ‘அட்வெஞ்சர்’ கேமின் பெட்டிக்கு சூசன் ஜேகல் வரைந்த படத்தில் கோட்டையும் புதிர்ப்பாதையும் டிராகன்களும் இருந்தன. கேமைப் போட்டால் நாயகன் ஒரு சதுரம். ஒரே நிறத்தில் ஒரு சதுரம், அவ்வளவுதான். டிராகன்கள் வாத்து போல இருந்தன.

அந்த ஓவியங்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவை அற்புதமானவை. அவற்றுக்காகவே டிம் லாபெடினோ 2016இல் ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். அந்தப் பெட்டி வீட்டில் தங்கியது. குழந்தை ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்து, சதுரத்துக்குள் வீரனை ஏற்றிக்கொண்டது. ஓவியம் விளையாட்டுக்கு உதவியது. இன்றைய ஆலோசகர்களுக்கு அட்டாரியின் உதாரணம் உதவாது. ஏனென்றால் அன்று கடையில் பெட்டியை எடுத்துப் பார்த்தவருக்கு உள்ளே இருப்பது ஓடிக் காட்டப்படவில்லை. இன்று மவுஸ் நின்ற மறுகணம் காட்டப்படுகிறது.

அந்தக் காலத்திலேயே இந்தப் பெட்டி ஓவியங்களுக்கு எதிர்வாதம் ஒன்று பிறந்தது, அதுவும் அட்டாரியின் உள்ளிருந்தே. தங்கள் பெயரைக்கூடப் பெட்டியில் போட மறுக்கிறார்கள் என்று மனம் நொந்த டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லன் என்ற நான்கு நிரலாளர்கள் வெளியேற, 1979இல் ஆக்டிவிஷன் உருவானது. அவர்களுடைய பெட்டிகளை எடுத்துப் பாருங்கள். தட்டையான பளிச்சென்ற நிறம், அதன்மேல் திரையில் தெரியும் உருவத்தையே கொஞ்சம் கூர்தீட்டி எடுத்த படம், செய்தவரின் பெயர். 1982இல் வந்த ‘பிட்ஃபால்’ பெட்டியில் நாயகன் ஹாரி கொடியைப் பிடித்து முதலைகளுக்கு மேலே ஊஞ்சலாடுகிறான். கேமைப் போட்டால் நீங்களும் கொடியைப் பிடித்து முதலைகளுக்கு மேலே ஆடுவீர்கள். வாங்குபவர் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பெட்டியே சொல்லிவிட்டது. நாற்பது லட்சம் பிரதிகள் விற்ற கேம் அது. அட்டையால் மட்டும் விற்றது என்று சொல்ல மாட்டேன். அட்டை உண்மையைச் சொன்னதால் நஷ்டம் வரவில்லை என்று சொல்வேன்.

1983இல் அமெரிக்க வீட்டுக் கேம் சந்தை சரிந்தது. காரணங்கள் பல. தரமில்லாத கேம்கள் குவிந்ததும், கடைக்காரர்களும் வாங்குபவர்களும் நம்பிக்கை இழந்ததும் அவற்றில் முக்கியமானவை. அந்த இடிபாட்டுக்குள் 1985இல் நின்டெண்டோ தன் இயந்திரத்தைக் கொண்டு நுழைந்தது. நம்பிக்கை போன சந்தையில் அவர்கள் முதலில் வைத்த பெட்டிகள் எப்படி இருந்தன? கறுப்புப் பின்னணி. அதன்மேல் கேமில் உள்ள பிக்செல் உருவமே, கட்டம் கட்டமாகத் தெரியும்படி பெரிதாக்கப்பட்டு. மாரியோவை வண்ண ஓவியமாக வரையத் தெரியாமல் செய்தார்களா? திரையில் என்ன வருமோ அதுவே பெட்டியில் என்று ஏமாந்து போன வாடிக்கையாளருக்குக் காட்டினார்கள். பளபளப்பே விற்கும் என்ற கொள்கைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியாது. முழுச் சந்தையும் படுத்திருந்தபோது, இழப்பதற்கு நிறைய இருந்த ஒரு நிறுவனம், கட்டம் கட்டமான பொம்மையை நம்பியது.

இரண்டு எதிர் உதாரணங்களையும் பார்த்துவிடலாம். ‘மெகா மேன்’ முதல் பாகத்தின் 1987ஆம் ஆண்டு அமெரிக்கப் பெட்டி. கேமில் நாயகன் நீலநிறச் சிறுவன் இயந்திரன், கையே பீரங்கி. பெட்டியிலோ மஞ்சளும் நீலமும் கலந்த உடுப்பில் நடுவயது மனிதர் ஒருவர் கைத்துப்பாக்கியோடு நிற்கிறார். வரைந்தவர் கேமைப் பார்த்திருந்தால் அந்தத் துப்பாக்கியை வரைந்திருக்க முடியாது. இன்னொன்று 2001இல் வந்த ‘ஐகோ’. ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகளுக்கு அதன் இயக்குநர் ஃபூமித்தோ உவேதாவே அட்டையை வரைந்தார். கிரிகோ என்ற இத்தாலிய ஓவியரின் சாயலில் பெரிய வெயில்வெளி, நீண்ட நிழல்கள், கைபிடித்து ஓடும் இரண்டு சிறு உருவங்கள். அந்தக் கைபிடித்தல்தான் கேமே. வட அமெரிக்கப் பதிப்புக்கோ முன்னால் ஒரு பையனின் பெரிய முகம். பெரிய முகம் போடு என்ற பாடம் அன்றே இருந்தது. எந்த அட்டை இன்று நினைவில் நிற்கிறது, எது வேடிக்கைக்காகத் தேடிப் பார்க்கப்படுகிறது என்று அந்த கேமை நேசிப்பவர் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, வகையைப் போலவே இரு என்ற கட்டளை. இதில் பாதி உண்மை இருக்கிறது. பண்ணை கேமைப் பேய் கேம் போலக் காட்டக் கூடாது. ஆனால் ‘வகை’ என்று சொல்லிக்கொண்டு ஓவியரிடம் கொடுக்கப்படுவது ஏற்கெனவே வென்ற பத்து அட்டைகள். அவை வென்றது அந்தந்த கேமின் தனிமுகத்தைக் காட்டியதால். பதினொன்றாவது ஆள் அந்தப் பத்தின் சராசரியை எடுத்தால், அந்தப் பத்தையும் ஞாபகப்படுத்தும் படம் கிடைக்கும். தன்னை ஞாபகப்படுத்தாது.

2024 பிப்ரவரியில் ‘பலாட்ரோ’ வந்தது. கனடாவைச் சேர்ந்த ஒருவர், லோக்கல்தங்க் என்ற புனைபெயரில், தனியாகச் செய்த சீட்டு கேம். சீட்டுக்கட்டு சேர்க்கும் வகையில் அதுவரை வந்த அட்டைகளில் பெரும்பாலும் மந்திரவாதிகளும் அரக்கர்களும் வாள்களும் இருந்தன. பலாட்ரோவின் அட்டையில் சுழலும் சிவப்பு நீலப் பின்னணி, பிக்செல் எழுத்தில் பெயர், ஒரு சீட்டு. கேமுக்குள் போனால் அதே சுழல், அதே பிக்செல். ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள். வகைப்படி வரைந்திருந்தால் ஒரு கோமாளி மந்திரவாதி கையில் ஒளிவட்டத்தோடு நின்றிருப்பார், நாமும் கடந்து போயிருப்போம்.

2015இல் வந்த ‘அண்டர்டேல்’ கறுப்பின்மேல் வெள்ளை எழுத்தும் ஒரு சிவப்பு இதயமும்தான். விளையாடும்போது சண்டைகளில் நீங்கள் நகர்த்துவது அந்த இதயத்தையே. ஃபின்லாந்தின் ஆர்வி டெய்காரி செய்து 2019இல் வெளியான ‘பாபா இஸ் யூ’ சொற்களையே கட்டைகளாகத் தள்ளி விதிகளை மாற்றும் புதிர் கேம். அதன் தலைப்பு அந்தக் கட்டைகளில் எழுதப்பட்ட ஒரு விதி. அட்டையைப் படித்தவர் கேமின் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டார். இவற்றில் எதற்கும் எந்த வகைக்குமான பொது முகம் இல்லை.

தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறாய் என்று சொல்வார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எதிர்த்தரப்பு காட்டும் பளபளப்பான அட்டைகளும் பிழைத்தவைதான். கேள்வி இருபக்கமும் வெட்டும். அட்டையே தலைவிதி என்பவர்கள் ‘அமங் அஸ்’ பற்றி என்ன சொல்வார்கள்? 2018இல் வெளியாகி இரண்டு ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த கேம், 2020இல் இணைய ஒளிபரப்பாளர்கள் கையில் எடுத்ததும் உலகெங்கும் பரவியது. அதற்கு எந்த ஓவியரும் காரணமில்லை. அட்டையால் முடிவது, முடியாதது இரண்டும் தெரிந்தவர்தான் நல்ல அட்டை செய்ய முடியும்.

2023 ஜூலையில் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’வைத் தமிழ் வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், இட்லியும் பிரியாணியும் செய்துகொண்டே நகரும் கதை. இந்தக் கேமுக்கு எந்த வகையின் அட்டையைப் பார்த்து வரைவது? சமையல் கேம் என்றால் அந்த வகையில் புகழ்பெற்றவை நேரத்தோடு ஓடும், தட்டுகள் பறக்கும், கூச்சல் நிறைந்தவை. அவற்றைப் போல வரைந்திருந்தால் கூச்சலைத் தேடியவர் வந்து ஒன்றரை மணி நேரக் குடும்பக் கதையில் ஏமாந்திருப்பார். கேமில் உள்ள அதே கைவண்ணத்தை, அதே மனிதர்களைத்தான் அவர்கள் வெளியிலும் வைத்தார்கள். 2024இல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். பெரும்பரிசும், அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன.

ஓவியரைக் கூலிக்கு அமர்த்தாதே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரையத் தெரியாதவர் பிடிவாதத்துக்காகத் தானே வரைந்து கெடுக்க வேண்டியதில்லை. 2018இல் வந்த ‘செலஸ்ட்’ ஒரு பிக்செல் கேம். அதன் அட்டை வரையப்பட்ட ஓவியம். இருந்தும் பொய் சொல்லவில்லை. கேமில் நாயகி மடலினின் சிவப்புத் தலைமுடி ஒரு அடையாளம். காற்றில் பாயும் சக்தி கையிலிருக்கும்போது முடி சிவப்பாக இருக்கும், பாய்ந்து முடித்ததும் நீலமாகும். விளையாடுபவர் மணிக்கணக்கில் அந்தச் சிவப்பைத்தான் கண்ணால் பின்தொடர்கிறார். குளிர்ந்த மலைக்கு முன்னால் அட்டையில் எரிவதும் அதே சிவப்பு. கேமை விளையாடிய கையிலிருந்துதான் அப்படி ஒன்று வரும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் தொடங்கிய ‘ஹாலோ நைட்’டில் கேமின் உருவங்களை வரைந்த கிப்சனின் கையேதான் வெளி முகத்துக்கும். இருட்டில் வெள்ளை முகமூடி, இரண்டு கறுப்புக் கண்குழிகள். எவ்வளவு சுருக்கினாலும் அழியாத உருவம். கேமுக்குள் பெரிய நிலவறைகளிலும் அந்தச் சின்னஞ்சிறு வீரன் தொலைந்துவிடாமல் தெரிவது அதனால்தான்.

சுருக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓவியரிடமிருந்து வரும் படம் பெரிய திரையில் பார்க்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஸ்டீமில் நிலைமை வேறு. நூலகத்தில் 600க்கு 900 என்ற நெடும் படம், முதல் பக்கத்துக்கு ஒரு அகலப் படம், பட்டியல்களுக்குச் சிறிய படம். அந்தச் சிறியதை ஸ்டீம் தானே இன்னும் குறுக்கி 120க்கு 45 பிக்செல் வரை கொண்டுபோகிறது. நாற்பத்தைந்து பிக்செல் உயரத்தில் போர்வீராங்கனையின் கவசத்தில் வரைந்த பூவேலை எங்கே போகும்? கண்ணின் ஒளிப்புள்ளி எங்கே? கொடுத்த பணத்தில் முக்கால்வாசி அங்கே சேறாகிவிடுகிறது. அந்த அளவில் மிஞ்சுவது பெயரும், இரண்டு மூன்று நிறங்களும், அதிகம் போனால் ஒரு நிழலுருவும். சிறிய படத்தில் பெயர் ஏறக்குறைய முழு இடத்தையும் நிரப்பட்டும் என்று வால்வின் வழிகாட்டியே சொல்கிறது. ஆனாலும் ஒரே ஓவியத்தை எல்லா அளவுக்கும் வெட்டி ஏற்றுவதே வழக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு அளவும் தனியாகச் சிந்திக்க வேண்டிய வேறு வேறு படம்.

கிளிக் வேட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வால்வ் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதியே சாட்சி. அட்டைகளில் விருது முத்திரைகள், பத்திரிகைப் பாராட்டுகள், தள்ளுபடி அறிவிப்புகள் எல்லாம் ஏறி, கேமின் பெயர் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு, இவற்றைத் தவிர வேறெதுவும் கூடாது என்று கடைக்காரரே தடுக்க வேண்டி வந்தது. ஒவ்வொருவரும் தன் கிளிக்கை ஏற்றப் பார்த்து, எல்லோருமாகச் சேர்ந்து கடையைப் படிக்க முடியாததாக்கினார்கள்.

ஆலோசகர்களின் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. யாருமே கிளிக் செய்யாவிட்டால் நீ யாரிடம் நேர்மையாக இருக்கப்போகிறாய் என்பது. கவர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கவர்ச்சியை கேமுக்குள்ளிருந்து எடு என்கிறேன். உள்ளே தேடியும் அட்டையில் வைக்கத் தகுந்த ஒரு கணம்கூட, ஒரு உருவம்கூட, ஒரு நிறச்சேர்க்கைகூடக் கிடைக்கவில்லை என்றால், குறை அட்டையில் இல்லை. அந்த கேமின் தோற்றம் இன்னும் முடியவில்லை. வெளியே வாங்கிய ஓவியத்தால் அதை மூடினால், கீழேயே இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்கள் திறந்து காட்டிவிடும். அந்தப் பணத்தையும் காலத்தையும் கேமுக்குள் செலவழிப்பது மேல். இதைச் சொல்லத் துணியாமல் ஓவியரைத் தேடச் சொல்வது இளம் டெவலப்பருக்குச் செய்யும் அநியாயம். சில நூறு டாலரிலிருந்து ஆயிரங்கள் வரை போகும் அந்தக் கூலி, கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ தனியாக கேம் செய்கிறவருக்குப் பல மாத வாழ்க்கை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அந்த வகையின் அட்டைகளைப் போல ஒன்று கொடு என்றால் நொடிகளில் கொடுக்கின்றன. 2024 ஜனவரியிலிருந்து, அப்படிப் பயன்படுத்தியதை டெவலப்பர் வெளிப்படுத்த வேண்டும் என்று ஸ்டீம் கேட்கிறது. ஓவியர்களின் பிழைப்பும் உரிமையும் இதில் இருக்கின்றன, அது தனியே பேச வேண்டிய பெரிய விஷயம். இங்கே சொல்ல வேண்டியது வேறு. பெரிய முகம், பளீர் ஒளி, வகைக்கேற்ற உடை என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தோமே, அந்தக் கோரிக்கையை மிகச் சரியாக நிறைவேற்றுவது இந்தக் கருவிதான். அது கேமை விளையாடவில்லை. விளையாட வேண்டும் என்று நாமும் ஓவியரிடம் கேட்டதில்லை.

கேட்கத் தொடங்கலாம். ஓவியருக்குப் பத்து அட்டைகளை அனுப்புவதற்குப் பதிலாக கேமை அனுப்புங்கள், விளையாடிய நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். இந்தக் கேமில் கை என்ன செய்கிறது, கண் எதைத் தொடர்கிறது, எந்தக் கணத்தில் மூச்சு நிற்கிறது என்று அவரிடம் கேளுங்கள். வரும் மாதிரிகளை 120க்கு 45 அளவுக்குச் சுருக்கி, உண்மையான கடைப் பட்டியலின் நடுவே வைத்து, கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். எது அழகு என்று கேட்க வேண்டாம். இதை வாங்கினால் நீங்கள் உள்ளே என்ன செய்வீர்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். எந்தப் படத்துக்கு அவருடைய பதில் உங்கள் கேமை ஒட்டி வருகிறதோ, அதைக் கடையில் ஏற்றுங்கள். பக்கத்திலிருக்கும் இன்னொரு மாதிரிக்கு இன்னும் பத்து கிளிக் கூடுதலாக விழும் என்று யார் சொன்னாலும்.